ரஷ்ய எரிவாயுவுக்குத் தடை: ஏப்ரலில் முடியும் கேஸ் ஒப்பந்தத்தை எப்படிப் புதுப்பிப்பது?

கேள்வி: வணக்கம் ஐயா. ஜெர்மனியில் ஹாம் நகரில் சொந்த வீட்டில் இருக்கிறோம். வீட்டைச் சூடாக்குவது கேஸ் பாய்லர்தான். 2009இல் போட்டது, வருடத்துக்கு 18,000 யூனிட் (கிலோவாட் மணி) ஓடுகிறது. எங்கள் ஒப்பந்தம் ஏப்ரல் 30ஆம் தேதி முடிகிறது. ஏப்ரல் 25 முதல் ரஷ்ய எரிவாயுவுக்குத் தடை என்று செய்தியில் பார்த்ததிலிருந்து வீட்டில் இதே பேச்சு. 2022 மாதிரி கேஸ் விலை மறுபடியும் எகிறுமா? ஹங்கேரி வழக்குப் போடப்போகிறதாமே, தடை நிற்குமா? எங்களுக்கு மூன்று விலைகள் வந்திருக்கின்றன. சந்தையோடு மாறும் திட்டம், இப்போதைக்கு யூனிட்டுக்கு 9.4 சென்ட். 12 மாதம் மாறாத விலை 10.2 சென்ட். 24 மாதம் மாறாத விலை 10.6 சென்ட். எதை எடுப்பது?

பதில்: 12 மாத விலையை எடுங்கள். எங்களூரில் இதே கேள்வியோடு வருகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். ஆனால் நீங்கள் பயப்படுவது ஒன்று, பயப்பட வேண்டியது வேறொன்று. அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் தடை. 2026 ஜனவரி 26ஆம் தேதி ஐரோப்பிய ஒன்றியத்தின் அமைச்சர்கள் கவுன்சில் அந்தச் சட்டத்தை நிறைவேற்றியது. ஏப்ரல் 25இல் நிற்கப்போவது, குறுகிய கால ஒப்பந்தத்தில் கப்பலில் வரும் ரஷ்யத் திரவ எரிவாயு (குளிரவைத்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயு, எல்என்ஜி) மட்டும்தான். குறுகிய கால ஒப்பந்தத்தில் குழாய் வழியே வருவது ஜூன் 17இல் நிற்கும். நீண்ட கால ஒப்பந்தங்களில் கப்பலில் வருவது 2027 ஜனவரி 1 முதல் நிற்கும், குழாயில் வருவது அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் நிற்கும். அதாவது ஒன்றரை வருடத்தில் படிப்படியாக. எரிவாயு வியாபாரிகள் செய்தி வந்த அன்றைக்கு விழித்துக்கொண்டவர்கள் அல்ல. இப்படி ஒன்று வரும் என்று பல மாதங்களாகத் தெரிந்தே வாங்கியும் விற்றும் வருகிறார்கள். உங்களிடம் வந்திருக்கும் 10.2 சென்டுக்குள் அந்தக் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது.

2022க்கும் இப்போதைக்கும் என்ன வித்தியாசம்? 2021இல் ஜெர்மனி இறக்குமதி செய்த எரிவாயுவில் பாதிக்கும் மேல் ரஷ்யாவிலிருந்து வந்தது. ரஷ்யக் குழாயிலிருந்து நேராக ஜெர்மனிக்கு வருவது 2022 செப்டம்பரோடு நின்றுவிட்டது. அதன்பின் பாதியை ஒட்டி நார்வே தருகிறது, மற்றது நெதர்லாந்து, பெல்ஜியம் வழியாகவும் கப்பலிலும் வருகிறது. ஏற்கெனவே இல்லாத ஒன்றை உங்களிடமிருந்து மறுபடி பிடுங்க முடியாது.

2022 எப்படி வந்தது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. லோயர் சாக்சனி மாநிலத்தில் ரேடன் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. ஜெர்மனியின் மிகப் பெரிய நிலத்தடி எரிவாயுக் கிடங்கு அங்கேதான். சுமார் 400 கோடி கன மீட்டர் கொள்ளும். 2015இல், அதாவது ரஷ்யா கிரிமியாவை எடுத்துக்கொண்டதற்கு அடுத்த வருடமே, அந்தக் கிடங்கு ஒரு சொத்துப் பரிமாற்றத்தில் ரஷ்ய அரசின் பிடியில் உள்ள எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம் குழுமத்தின் கைக்குப் போனது. இது வியாபாரம், இதில் அரசியலுக்கு இடமில்லை என்றார்கள். 2021 குளிர்காலம் தொடங்கியபோது மற்ற கிடங்குகள் ஓரளவு நிறைந்திருக்க, ரேடன் மட்டும் ஏறத்தாழ 10 சதவீதத்தில் கிடந்தது. அப்போது போர் தொடங்கவில்லை. ஒப்பந்தப்படி தர வேண்டியதைத் தந்துகொண்டுதான் இருந்தார்கள், கிடங்கை மட்டும் நிரப்பவில்லை. நாடே அதைக் கவனிப்பதற்குள் 2022 பிப்ரவரி வந்துவிட்டது, ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்துவிட்டது. எனக்கு இன்றும் மனசு ஆறாத இடம் இது. எரிபொருளை யாரிடம் வாங்குகிறோம் என்பது வெளியுறவுக் கேள்வி என்பதை ஒரு பெரிய நாடு ஒத்துக்கொள்ள மறுத்தது. அந்த மறுப்புக்குப் பாட்டிகளும் பேக்கரிக்காரர்களும் பில் கட்டினார்கள்.

அந்தச் சமயத்தில் நடந்ததை ஒரு பில்லில் பார்க்கலாம். 2021 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், எனக்கு ஒரு பக்கக் கடிதம் வந்தது. ஊரிலேயே மலிவான விலை என்று நான் தேடிப் பிடித்த நிறுவனம், நாளை முதல் விநியோகம் இல்லை என்று எழுதியிருந்தது. கேஸ் நிற்கவில்லை, சட்டப்படி உள்ளூர் நிறுவனம் தானாகவே எடுத்துக்கொண்டது. ஆனால் யூனிட் விலை இரண்டு மடங்குக்கு மேல் போனது. மலிவு நிறுவனம் சந்தையில் அன்றன்றைக்கு வாங்கி, எனக்கு நிலையான விலையில் விற்றுக்கொண்டிருந்தது. சந்தை ஏறியதும் கையை விரித்துவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், பட்டியலில் முதலாவதாக வரும் விலையை மட்டும் பார்க்காதீர்கள். வருடப் பணத்தை முன்கூட்டியே கேட்கும் நிறுவனத்துக்குக் கொடுக்காதீர்கள்.

சரி, இனி பயப்பட வேண்டிய விஷயத்துக்கு வருவோம். ஐரோப்பா ரஷ்யக் குழாயை விட்டுக் கடலுக்குப் போயிருக்கிறது. 2022 டிசம்பரில் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் ஜெர்மனியின் முதல் திரவ எரிவாயு முனையம் திறந்தது. கட்டத் தொடங்கி 200 நாட்கூட ஆகவில்லை. உண்மையிலேயே பெரிய சாதனை அது. ஆனால் குழாயில் வரும் எரிவாயுவுக்குப் போக வேறு இடமில்லை, கப்பலில் வருவதற்கு உலகமே இடம். ஜப்பான் அதிக விலை சொன்னால் நடுக்கடலில் கப்பல் திரும்பும். ஜெர்மனிக்கு நேராகக் கப்பலில் வருவது பத்தில் ஒரு பங்குதான் என்றாலும், சந்தைக்குக் கடைசியாக வந்து சேரும் மூட்டைதான் அன்றைய விலையைத் தீர்மானிக்கும். நார்வேக்காரரும் அந்த விலைக்குத்தான் விற்பார்.

அதனால் உங்கள் பில் இனி பாரசீக வளைகுடாவின் வாசலான ஹோர்முஸ் நீரிணையைக் கேட்டு நடக்கும். 2024இல் உலகத் திரவ எரிவாயு வியாபாரத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அந்த வழியாகத்தான் போனது, பெரும்பாலும் கத்தாரின் சரக்கு. 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் மோதிய நாட்களில் ஐரோப்பிய விலை சட்டென்று ஏறி, போர்நிறுத்தம் வந்ததும் இறங்கியது. இன்னொரு பக்கம் அமெரிக்கா. 2025இல் ஐரோப்பிய ஒன்றியம் கப்பலில் வாங்கியதில் பாதிக்கும் மேல் அமெரிக்காவிலிருந்து வந்தது. 2026 ஜனவரியில் கிரீன்லாந்து விஷயத்தில் எட்டு ஐரோப்பிய நாடுகள் மேல் சுங்கவரி போடுவேன் என்று டிரம்ப் மிரட்டிவிட்டு, சில நாட்களில் பின்வாங்கினார். ஒன்றியத்தின் எரிசக்தி ஆணையர் டான் யோர்கென்சன் ஒரு டென்மார்க்காரர், கிரீன்லாந்து டென்மார்க் ராஜ்யத்தைச் சேர்ந்தது. ஒரு சார்பை விட்டு இன்னொரு சார்பில் போய் விழுகிறோமோ என்ற பேச்சு பிரஸ்ஸல்ஸில் இப்போது வெளிப்படையாகவே நடக்கிறது. என் கருத்து: அமெரிக்கா ரஷ்யா ஆகிவிடாது. விற்பவர்கள் பல தனியார் நிறுவனங்கள், குழாய்த் திருகு ஒரே கையில் இல்லை. ஆனாலும் பாதிக்கு மேல் ஒரே நாடு என்பது நல்லதில்லை.

ஹங்கேரி பற்றிக் கேட்டீர்கள். ஒன்றியத்தில் பொருளாதாரத் தடை என்றால் 27 நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். ஒரு நாடு கையைத் தூக்காவிட்டால் போச்சு. அதனால் இந்தத் தடையை வர்த்தக, எரிசக்திச் சட்டமாகக் கொண்டுவந்தார்கள். அதற்குத் தகுதிப் பெரும்பான்மை போதும்: குறைந்தது 15 நாடுகள், அவற்றில் ஒன்றிய மக்கள்தொகையின் 65 சதவீதம். ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் எதிர்த்து ஓட்டுப் போட்டும் நிறைவேறியது இதனால்தான். இது வேஷம் போட்ட பொருளாதாரத் தடை என்பதுதான் ஹங்கேரியின் வாதம். ஒன்றிய நீதிமன்றத்தில் இப்படிப்பட்ட வழக்குகள் வருடக்கணக்கில் போகும், வழக்குப் போட்டதாலேயே சட்டம் நின்றுவிடாது. அதை நம்பி நீங்கள் ஒப்பந்தத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

இப்போது உங்கள் மூன்று விலைகள். ஒரு சின்ன வாய்ப்பாட்டை மனசில் வையுங்கள். மொத்தச் சந்தையில் விலையை ஒரு மெகாவாட் மணிக்கு, அதாவது ஆயிரம் யூனிட்டுக்கு, இத்தனை யூரோ என்று சொல்வார்கள். நெருக்கடிக்கு முன் அது 20 யூரோ அளவில் இருந்தது, 2022 ஆகஸ்டில் 300ஐத் தாண்டியது. சந்தையில் 1 யூரோ ஏறினால் உங்கள் யூனிட்டுக்கு 0.1 சென்ட், அதன்மேல் 19 சதவீத வரி.

மாறும் திட்டத்தில், சந்தை அசையாமல் இருந்தால், உங்களுக்கு வருடத்துக்கு 144 யூரோ மிச்சம். சந்தை 20 யூரோ ஏறி ஒரு வருடம் அங்கேயே நின்றால், இன்றைய 9.4 சென்ட் கணக்கைவிட 428 யூரோ கூடுதல், 12 மாத விலையைவிட 284 யூரோ கூடுதல். ஜெர்மனியின் கிடங்குகள் 2025-26 குளிர்காலத்தை முந்தைய வருடங்களைவிடக் குறைந்த இருப்போடு தொடங்கின. கோடையில் அவற்றை நிரப்ப நிறைய வாங்கியாக வேண்டும். அந்த 144 யூரோவைக் காப்பீட்டுக் கட்டணம் என்று நினைத்துக் கொடுத்துவிடுங்கள்.

அப்படியானால் 24 மாதம் ஏன் வேண்டாம்? அமெரிக்காவிலும் கத்தாரிலும் புதிய திரவமாக்கும் ஆலைகள் அடுத்தடுத்து வருகின்றன. கடல்வழி ஒழுங்காக இருந்தால் 2027இல் விலை இறங்கத்தான் அதிக வாய்ப்பு. இறங்கும்போது நீங்கள் பழைய விலையில் மாட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

கையெழுத்துப் போடுமுன் "ப்ரைஸ்காரன்டி" என்ற விலை உத்தரவாதப் பகுதியைப் படியுங்கள். பெரும்பாலும் அது வரிகளையும் அரசுக் கட்டணங்களையும் சேர்க்காது. அங்கேதான் நிச்சயமாக ஏறும் ஒன்று இருக்கிறது: கார்பன் விலை, அதாவது எரிக்கும்போது வெளியாகும் கார்பன் டை ஆக்சைடுக்கான கட்டணம். 2021இல் டன்னுக்கு 25 யூரோ, 2025இல் 55, 2026இல் 55க்கும் 65க்கும் இடையில். ஒரு யூனிட் எரித்தால் சுமார் 0.18 கிலோ கார்பன் டை ஆக்சைடு. உங்கள் 18,000 யூனிட்டுக்கு வரியோடு, 55 யூரோவில் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 210, 65இல் 250. இதைக் குறைக்க ஒரே வழி யூனிட்டைக் குறைப்பது. அறை வெப்பத்தை ஒரு டிகிரி இறக்கினால் சுமார் 6 சதவீதம் குறையும் என்பது பொதுக் கணக்கு.

உங்கள் பாய்லருக்கு வயது 17 ஆகப்போகிறது. வெளியிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் கொண்டுவரும் ஹீட் பம்ப் பற்றி இப்போதே விசாரியுங்கள். ஜனவரியில் பாய்லர் நின்றபின் விசாரித்தால் கையில் கிடைப்பதைத்தான் மாட்டுவார்கள். உங்கள் பகுதி நுகர்வோர் மையத்தில் குறைந்த செலவில் எரிசக்தி ஆலோசகர் கிடைப்பார். வீட்டுச் சூடாக்கல் சட்டத்தையும் மானிய விதிகளையும் பற்றி 2026 தொடக்கத்தில் பெர்லினில் விவாதம் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் மானியத் தொகையை ஆலோசகரிடம் அன்றைய தேதிக்குக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் நடக்கும்போது நிறுவனம் விலையை ஏற்றினால், உங்களுக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவிக்க வேண்டும். ஏறும் தேதியிலிருந்து விலகிக்கொள்ளும் சிறப்பு உரிமை உங்களுக்கு உண்டு. அந்தக் கடிதம் விளம்பரம் போலவே வரும், பிரித்துப் பாருங்கள். பழைய ஒப்பந்தத்தை ரத்து செய்யும் கடைசித் தேதியை இன்றே பாருங்கள். மார்ச் இறுதியாக இருக்கலாம். ஏப்ரல் 30 இரவு நிலவறைக்குப் போய் மீட்டரை, அதிலுள்ள எண்ணும் அன்றைய தேதியும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து வையுங்கள். இரண்டு நிறுவனங்களும் வெவ்வேறு எண்ணைச் சொன்னால் அந்தப் படம்தான் பேசும்.