பசை தொட்டால் அழும் குழந்தைக்கு வெண்டைக்காய்ப் பூ

வணக்கம். மூன்றரை வயது மகள், பசை விரலில் பட்டாலே அழுகிறாள், மழலையர் பள்ளியிலோ இளவேனில் பூக்கள் ஒட்டி எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். என் மகனும் அப்படித்தான் இருந்தான். ஒட்டுவதை விடுங்கள், அச்சு வைக்கலாம்.

முற்றின வெண்டைக்காய் ஒன்று போதும். காம்புப் பக்கம் இரண்டு அங்குலம் விட்டுக் குறுக்கே வெட்டினால் ஐந்து இதழ்ப் பூ தயார். காம்புதான் கைப்பிடி, விரலில் அதிகம் ஒட்டாது. வெட்டிய இடத்தைத் துணியில் ஒற்றி வழவழப்பை எடுத்துவிடுங்கள். சாயத்தைத் தட்டில் ஊற்றாமல் ஸ்பாஞ்சில் ஊறவிட்டு, அதில் ஒற்றச் சொல்லுங்கள். முதல் நான்கைந்து பூ அப்பிக்கொண்டுதான் வரும், பரவாயில்லை.

சாயத்துக்கு மஞ்சள்தூளைக் கெட்டியாகக் கரைத்தால் போதும். காய்ந்ததும் சமையல் சோடா கரைத்த நீரை பட்ஸில் தொட்டு வைத்தால் அந்த இடம் மட்டும் செம்பழுப்பாகும். மேலே எலுமிச்சைச் சாறு தொட்டால் மறுபடி மஞ்சள்! என் மகன் பூவை மறந்துவிட்டு அரைமணி நேரம் இதையே செய்துகொண்டிருந்தான். சோடாவுக்குப் பதில் சுண்ணாம்பு மட்டும் வேண்டாம், கண்ணில் பட்டால் ஆபத்து. அப்புறம், பழைய சட்டை போட்டுவிடுங்கள்.

இலை வேண்டுமென்றால் முற்றின அரச இலையைக் காகிதத்துக்கு அடியில் வைத்து, கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்க்கலாம். நரம்பெல்லாம் அழகாக வரும்.

ஒட்டித்தான் ஆக வேண்டும் என்று டீச்சர் சொன்னால், அச்சு வைத்த பூக்களை வெட்டி நீங்களே ஒட்டிக் கொடுத்துவிடுங்கள். எல்லா வீட்டிலும் நடப்பதுதானே.