ஒரே முகாமில் படுத்தால்

அன்புள்ள ஐயா,

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் படிப்பிக்கிறேன். பதினெட்டு வயதானவர்களுக்குக் கட்டாய இராணுவப் பயிற்சி வேண்டும் என்ற பேச்சு மறுபடி எங்கள் ஆசிரியர் அறையில் கிளம்பியிருக்கிறது. நம் பையன்களும் காலி, குருநாகல் சிங்களப் பையன்களும் ஒரே முகாமில் படுத்து ஒரே சோற்றைத் தின்றால் சந்தேகமெல்லாம் போய்விடும் என்கிறார் ஒரு நண்பர். சிங்கப்பூரைக் காட்டுகிறார். மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு வந்தபோது மண்ணைத் தோண்டியது இராணுவம்தானே என்றும் கேட்கிறார். எனக்குப் பதில் வரவில்லை.

க., ஹட்டன்

அன்புள்ள க.,

மீரியபெத்தையை முதலில் பார்த்துவிடுவோம். 2014 அக்டோபர் 29 காலை லயங்கள், தொழிலாளரின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போனபோது சிப்பாய்கள் சேற்றில் இறங்கித் தோண்டினார்கள். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அவர்கள் விரும்பிச் சேர்ந்தவர்கள். அத்தனை வருடப் போரிலும் அரசு இங்கே யாரையும் கட்டாயமாகப் படையில் சேர்க்கவில்லை. நண்பரின் உதாரணம் அவர் வாதத்துக்கே எதிராகப் போகிறது.

பேச்சு பழசு. 2021இல் அமைச்சர் சரத் வீரசேகர 18 வயதைத் தாண்டிய எல்லாருக்கும் பயிற்சி வேண்டும் என்றார். அதற்கு முன்பே, 2011இல், பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானவர்களைத் தலைமைத்துவப் பயிற்சி என்று மூன்று வாரம் முகாம்களுக்கு அனுப்பினார்கள். எனக்குத் தெரிந்த கணக்கப்பிள்ளை மகள் ஒருத்தியும் போனாள். விரிவுரை சிங்களத்தில் நடக்கும்போது, பின்வரிசையில் பாஷை தெரிந்த ஒரு பிள்ளை மற்றவர்களுக்குக் காதோடு காதாகச் சொல்லிக்கொண்டிருக்குமாம். மாத்தறைப் பிள்ளை ஒருத்தி சிநேகிதியானதும் உண்மை. துணி துவைக்கிற இடத்தில் ஆரம்பித்த பழக்கம், இன்றும் வெசாக்குக்குக் கூப்பிடுகிறாள். சந்தோஷம். பல்கலைக்கழக விடுதியிலும் அது நடந்திருக்கும், விடியுமுன் விசில் ஊதி எழுப்பாமலே.

சிங்கப்பூர் 1967இல் தேசிய சேவையைத் தொடங்கியது. முதல் பத்து வருடம் போல மலாய் இளைஞர்களைப் பெரும்பாலும் அழைக்கவே இல்லை. மலாயர் வாழும் அயல்நாட்டோடு சண்டை வந்தால் எந்தப் பக்கம் நிற்பார்களோ என்ற சந்தேகம். இங்கே அந்தச் சந்தேகம் யார்மேல் விழும் என்று நண்பரிடம் கேளுங்கள்.

கட்டாயம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 1977 கலவரத்தில் அடிபட்டு மலையை விட்டு இறங்கிய நம் தோட்டத்துச் சனம் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியது. போரின் கடைசி வருடங்களில் புலிகள் அவர்களிடமும் வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டார்கள். அதுவும் ஒற்றுமையின் பெயரால்தான். பிள்ளையைப் பங்கருக்குள் ஒளித்தார்கள். கல்யாணமானவர்களை விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் பள்ளிக்கூடம் போகிற வயதில் தாலி கட்டி வைத்தார்கள். கையில் காசும் வெளிநாட்டில் சொந்தமும் இருந்தவர்கள் நேரத்தோடு அனுப்பிவிட்டார்கள். தோட்டத்திலிருந்து போனவனுக்கு ஏது அந்த வழி?

அரசு கேட்டாலும் இதேதான் நடக்கும் என்பது என் கட்சி. டாக்டர் சேர்ட்டிபிகேட், வெளிநாட்டுப் படிப்பு என்று வசதியுள்ளவன் நழுவிவிடுவான். கொழும்பில் கடையில் நின்று மாதாமாதம் வீட்டுக்குக் காசு அனுப்புகிற லயத்துப் பையன்தான் வரிசையில் நிற்பான். அந்த மாதங்களில் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்பதற்கு எந்த அமைச்சரும் பதில் சொன்னதாகத் தெரியவில்லை. 1948இல் நாடற்றவர்களாக்கப்பட்ட நம் சனத்தில் மிஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. கடமையைப் பற்றிப் பேசுகிறவர் இந்த 55 வருடத்தையும் கணக்கில் எடுக்கட்டும்.

உங்கள் பாடசாலையில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிப்பிக்க ஆள் இருக்கிறாரா? பக்கத்துச் சிங்களப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்க? இல்லையென்றால் இரண்டு பாடசாலையும் சேர்ந்து வலயக் கல்விப் பணிமனைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நண்பரிடமும் கையெழுத்து வாங்குங்கள்; ஒற்றுமையில் அவருக்கு இவ்வளவு அக்கறை இருக்கிறதே, மறுக்க மாட்டார்.