விழா மலர் தயாரிக்கும் மகளைப் பற்றிக் கவலைப்படும் தாய்க்கு

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

இளங்கலை ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், பணி நிறைவு பெறும் தம் பேராசிரியைக்கான பாராட்டு விழா மலரைத் தொகுக்கும் பொறுப்பை ஏற்று, பாடப் புத்தகத்தைத் தொடாமல் இருக்கிறாள் என்றும், ‘நானும் அம்மையாரைப் போலப் பேராசிரியராக வேண்டும்’ என்று சொல்லத் தொடங்கியிருக்கிறாள் என்றும் வருந்தி எழுதியிருந்தீர்கள். இரண்டையும் நான் நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்கிறேன். வருமானம் குறித்த உங்கள் அச்சத்தில் நியாயம் இருப்பதையும் மறுக்கவில்லை.

முதலில் மலர். வாழ்த்துரைகளையும் புகைப்படங்களையும் சேர்ப்பது எளிது. ஆனால் அம்மையார் எழுதிய நூல்கள், ஆய்விதழ்க் கட்டுரைகள், மொழிபெயர்ப்புகள், நெறியாளராக இருந்து உருவாக்கிய முனைவர்கள் என ஒரு முழுப் பட்டியலை ஆண்டு வாரியாக உருவாக்குவது வேறு வகை உழைப்பு. ஒரு கட்டுரையின் தலைப்பு ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் வேறு மாதிரியும் இருக்கும். இதழைத் தேடி எடுத்து, பக்க எண்ணைச் சரிபார்த்த பிறகே பதிய வேண்டும். நாளை ஆய்வேட்டில் மேற்கோள் காட்டவும், பதிப்பகத்தில் பிழை திருத்தவும் இந்தப் பழக்கமே அடிப்படை. வகுப்புகளுக்கும் விடைத்தாள் கட்டுகளுக்கும் இடையில் ஓர் ஆசிரியர் எந்த ஆண்டுகளில் எழுதினார், எந்த ஆண்டுகளில் எழுத முடியாமல் போனது என்பதும் அந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும். இந்த வேலையின் உண்மையான சுமையை உங்கள் மகள் இதைவிட நேராக அறிந்துகொள்ள வழியில்லை.

ஆங்கிலம் கற்பிப்பவரின் எழுத்து எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பேராசிரியர் கே. சுவாமிநாதனை நினைவூட்டுகிறேன். புதுக்கோட்டையில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் பயின்று, சென்னை மாநிலக் கல்லூரியில் பல்லாண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவர் அவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் இதழியலில் இருந்தபின், 1960இல் காந்தியடிகளின் ஆங்கில எழுத்துத் தொகுதிகளுக்குத் தலைமைப் பதிப்பாசிரியரானார். நூறு தொகுதிகளாக நிறைவுற்ற அந்தப் பெரும்பணியில் மிகப் பெரும்பகுதி அவர் பொறுப்பில் வெளிவந்தது. குஜராத்தியிலும் இந்தியிலும் இருந்த கடிதங்களைத் தேடிச் சேர்த்து, தேதியை உறுதி செய்து, மூலத்துடன் ஒப்பிட்டு ஆங்கிலமாக்கி அச்சுக்கு அனுப்பும் வேலை அது. வகுப்பறையில் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் படித்துக் காட்டிய பயிற்சி அங்கே பெரிதும் துணை நின்றிருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

இனி வேலை நிலவரம். உதவிப் பேராசிரியராக, முதுகலையில் குறைந்தது 55 விழுக்காடு மதிப்பெண்ணும் (இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு), நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியும் அவசியம். 2023 ஜூலை முதல் நேரடி நியமனத்துக்கு முனைவர் பட்டம் கட்டாயமில்லை என்று பல்கலைக்கழக மானியக் குழு விதியைத் திருத்தியிருந்தாலும், போட்டியில் அந்தப் பட்டம் எடை கூட்டும். நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கும் தகுதி பெற்றால் ஆய்வுக் காலத்தில் வீட்டைச் சார்ந்திருக்க வேண்டியதில்லை. அரசுக் கல்லூரிப் பணியிடங்களுக்கான ஆசிரியர் தேர்வு வாரிய அறிவிப்பு ஆண்டுதோறும் வருவதில்லை. இடைக்காலத்தில் கௌரவ விரிவுரையாளராகவோ சுயநிதிக் கல்லூரியிலோ குறைந்த ஊதியத்தில் காத்திருக்க நேரிடும். ஆகவே முதுகலை முடித்ததும் பி.எட். படிப்பதைப் பற்றியும் யோசியுங்கள்; மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர் பணி மதிப்பானது, நிலையானது.

மலர் அச்சுக்குப் போகும்வரை மகளைத் தடுக்காதீர்கள். பருவத் தேர்வுக்கு மட்டும் தினமும் இரண்டு மணி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். விழா பரபரப்பு அடங்கியதும், முனைவர் பட்டத்துக்கு எத்தனை ஆண்டுகள் ஆயின, நிரந்தரப் பணி எப்போது கிடைத்தது, அதுவரை குடும்பம் எப்படி நடந்தது என்று அம்மையாரிடமே மகளைக் கேட்கச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களும் உடன் சென்று வாருங்கள். அதன் பிறகு மதிப்பெண் பட்டியலுடன் இருவரும் என்னை வந்து பாருங்கள். எந்தப் பல்கலைக்கழகங்களின் முதுகலை நுழைவுத் தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்று முடிவு செய்வோம்.