அப்பாவுக்கு 30க்கு 28 வந்தும் கணக்கு வழக்கு குழம்புவது ஏன்?

வணக்கம். வெள்ளவத்தையில் இருக்கும், ஓய்வுபெற்ற கணித ஆசிரியரான உங்கள் அப்பா ஞாபகச் சோதனையில் 30க்கு 28 எடுத்தார். ஆனால் ஒரே கரண்ட் பில்லை இரண்டு தரம் கட்டுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த 28ஐ நம்பி இருந்துவிடாதீர்கள். நிறையப் படித்தவர்களுக்கு அந்தச் சோதனை மிக லேசு. படிப்பும் மூளைக்கு வேலை வைத்த தொழிலும் ஒரு கையிருப்பைச் சேர்க்கும். அல்சைமர் போன்ற மறதி நோய் உள்ளே பரவினாலும் மூளை வேறு வழியில் சமாளித்துக்கொள்ளும், அறிகுறி பிந்தித்தான் தெரியும். அமெரிக்க நரம்பு உளவியல் ஆய்வாளர் யாக்கோவ் ஸ்டெர்ன் 1990களிலேயே காட்டிய இன்னொன்றும் உண்டு: அல்சைமர் வெளிப்பட்ட பிறகு படித்தவர்களிடம் சரிவு வேகமாக இருக்கலாம். அதற்குள் சேதம் கூடிவிட்டிருக்கும் என்பதே விளக்கம்.

அவரை மற்றவர்களோடு அல்ல, பழைய அவரோடு ஒப்பிடுங்கள். கடந்த 6 மாதத் தவறுகளைத் திகதியோடு எழுதி நரம்பியல் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். கூடவே வசிப்பவர் போவது முக்கியம். ஞாபகம், கவனம், திட்டமிடல் எல்லாவற்றையும் தனித்தனியே அளக்கும் விரிவான நரம்பு உளவியல் சோதனை கேளுங்கள், தமிழிலேயே. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ செய்தால் புள்ளி குழம்பும். 6 முதல் 12 மாதத்தில் திரும்பச் செய்தால்தான் சரிவு பிடிபடும். விற்றமின் பி12, தைரோயிட், காது கேட்கும் திறன், மனச்சோர்வு, தூக்க மாத்திரை எல்லாவற்றையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இவற்றில் பலவற்றைச் சரிசெய்யலாம். சுடோக்குப் புத்தகம் வாங்கிக் குவிப்பது பிறகு. வங்கி அட்டையை மட்டும் இப்போதே கவனியுங்கள்.