கறுப்பு வரியை விடுங்கள், அதற்கு மேலே உள்ள எழுத்தைப் பாருங்கள்

கேள்வி: என் அம்மப்பா 1936இல் உரும்பிராயிலிருந்து லண்டனுக்கு மருத்துவம் படிக்க வந்தவர். 1946இல் ஊர் திரும்பி, 1948இல் அம்மம்மாவை மணந்தார். 1979இல் காலமானார். அம்மம்மாவும் போன பிறகு, அவருடைய தகரப் பெட்டியில் ஓர் ஆங்கிலப் பெண் அம்மப்பாவுக்கு எழுதிய கடிதங்களும், அந்தப் பெண் ஒரு குழந்தையோடு நிற்கும் படமும் கிடைத்தன. கடிதங்களில் ‘பெகி’ என்று ஒரு பெயர் வருகிறது. போர் தொடங்கியதும் இங்கிலாந்தில் வீடு வீடாக எடுத்த 1939 பதிவேட்டைத் தேடினேன். சென்ற் அல்பன்ஸ் வீடொன்றில் அம்மப்பாவும் அதே பெண்ணும் இருக்கிறார்கள், அடுத்த வரி கறுப்பாக மூடப்பட்டிருக்கிறது. இரத்த உறவான எங்களுக்கு அதைப் பார்க்க உரிமை இல்லையா? யாருடையதாவது மரணச் சான்றிதழை அனுப்பினால் திறந்துவிடுவார்கள் என்கிறான் மச்சான். அம்மம்மாவுக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது என்று குடும்ப வாட்ஸ்அப்பில் எழுதினேன், பெரிய சண்டையாகிவிட்டது. 76 வயது அம்மா சாப்பிடாமல் அழுகிறார். இதற்குள் உரும்பிராய் வளவை விற்க மாமா மரணசாதன வழக்கு (இறந்தவரின் சொத்தை வாரிசுகளுக்குச் சேர்க்கும் வழக்கு) போட்டு, அம்மாவிடம் சத்தியக்கடதாசியில் (சத்தியம் செய்து கொடுக்கும் எழுத்து வாக்குமூலத்தில்) கையெழுத்துக் கேட்கிறார்.

பதில்: அம்மப்பா செய்தது சரியா, அம்மம்மா எவ்வளவு சகித்தார் என்பதை இங்கே விடுகிறேன். வாட்ஸ்அப் சண்டையில் யார் என்ன சொன்னார் என்பதும் வேண்டாம்.

கறுப்பு வரியைப் பற்றி முதலில், சுருக்கமாக. இரத்த உறவு என்பதால் உங்களுக்கு ஒரு தனி உரிமையும் இல்லை. தகவல் சுதந்திரச் சட்டத்தில் கேட்பவர் யார் என்பதைப் பார்ப்பதில்லை. உங்களுக்குத் திறந்தால் ஊருக்கே திறந்ததாக அர்த்தம். அந்த வரி மூடியிருப்பதன் பொருள் இவ்வளவுதான்: அந்த வரியில் உள்ளவருக்கு இன்னும் 100 வயது ஆகவில்லை, 1991க்கு முன் இறந்ததாகப் பதிவேட்டில் குறிப்பும் இல்லை. உயிரோடு இருக்கலாம், அவுஸ்திரேலியாவில் எப்போதோ இறந்தும் இருக்கலாம். மச்சானின் யோசனை குற்றம். அடுத்தவரின் தரவைப் பொய் சொல்லி எடுப்பதை 2018ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 170ஆம் பிரிவு தண்டிக்கிறது. அந்தப் பேச்சு இத்தோடு நிற்கட்டும்.

அதைவிட முக்கியம், அந்த வரி திறந்தாலும் நீங்கள் தேடுவது அதில் இருக்காது. 1939 செப்டம்பர் 29ஆம் திகதி எடுத்த அந்தக் கணக்கு, போர்க்காலத்தில் அடையாள அட்டையும் பிறகு கூப்பனும் கொடுப்பதற்காக எடுத்தது. பெயர், பால், பிறந்த திகதி, மணநிலை, தொழில் ஆகியவற்றை எழுதினார்கள். யார் யாருக்குப் பிள்ளை என்று எழுதவில்லை, உறவுமுறைக்கென்று ஒரு நிரலே கிடையாது. அந்த மாதத் தொடக்கத்தில்தான் குண்டுவீச்சுக்குப் பயந்து சுமார் 15 லட்சம் பேரை, பெரும்பாலும் பிள்ளைகளை, நகரங்களிலிருந்து வெளியூர் வீடுகளுக்கு அனுப்பியிருந்தார்கள். சென்ற் அல்பன்ஸ் வீட்டில் இருந்த பிள்ளை, லண்டனிலிருந்து வந்து இறங்கிய முன்பின் தெரியாத பிள்ளையாகவும் இருக்கலாம். 1931 குடிசன மதிப்புத் தாள்கள் 1942இல் தீயில் போயின, 1941இல் போரால் மதிப்பே எடுக்கவில்லை. அதனால் எல்லோரும் இந்தப் பதிவேட்டைப் பெரிதாக நம்புகிறார்கள். பரம்பரை தேட அது நல்ல வாசல். தகப்பன் யார் என்பதற்கு அது சாட்சி அல்ல.

நீங்கள் அனுப்பிய பதிவேட்டுப் பக்கத்தின் படத்தில் உங்கள் கண் கறுப்பு வரியில் நின்றுவிட்டது. என் கண் மேலே உள்ள இரண்டு வரிகளில் நின்றது. அம்மப்பாவின் மணநிலை நிரலில் ‘எம்’ என்ற எழுத்து இருக்கிறது. அந்தப் பெண்ணின் வரியிலும் ‘எம்’, அதோடு அம்மப்பாவின் குடும்பப் பெயர். ‘எம்’ என்றால் மணமானவர். உங்கள் முழுக் கடிதத்திலும் சட்டத்துக்கு வேண்டியது அந்த ஓரெழுத்துதான்.

கணக்கெடுக்க வந்தவரிடம் வாயால் சொன்னதுதான் அது, திருமணத்துக்கு அத்தாட்சி ஆகாது. மணமாகாமல் சேர்ந்து வாழ்ந்த பலர், வாடகை வீட்டின் சொந்தக்காரிக்காக அப்படிச் சொன்னதுண்டு. ஆனால் உண்மையிலேயே பதிவுத் திருமணம் நடந்து, மணமுறிவு இல்லாமல், அந்தப் பெண் 1948இலும் உயிரோடு இருந்திருந்தால், இலங்கைத் திருமணப் பதிவுச் சட்டப்படி அம்மம்மாவின் திருமணம் செல்லாது. அப்போது வாரிசுரிமை கேள்விக்குள்ளாவது உங்கள் அம்மாவுக்கும் மாமாவுக்கும். பெகி அம்மப்பாவின் பிள்ளையாக இருந்தால், முதுசம் முழுவதையும் அவருடைய பக்கம் கேட்கலாம்.

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. இங்கு வருமுன் யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணியாகத் தொழில் செய்தபோது இதைக் கண்ணால் பார்த்தேன். மலாயாவில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவரின் பிள்ளைகள், அங்கே ஒரு குடும்பம் இருந்ததை அறிந்தும் ‘வேறு வாரிசு இல்லை’ என்று சத்தியக்கடதாசி முடித்துக் காணியை விற்றார்கள். மற்றப் பிள்ளை வந்தது. வாங்கியவர் இவர்கள் மேல் வழக்கு, அக்கா தம்பி மேல் வழக்கு. முடியும்போது காணியின் பெறுமதியில் பெரும்பகுதி செலவாகியிருந்தது. அவர்கள் ஆசைக்காரர்கள் அல்லர், உங்களைப் போல அழுதுகொண்டு வந்தவர்கள். தெரியாமல் கையெழுத்து வைப்பது ஒன்று. தெரிந்து வைப்பது பொய்ச் சத்தியம். கடிதங்களைப் படித்த நாளோடு நீங்களும் அம்மாவும் தெரியாதவர்கள் என்ற இடத்தை விட்டு வந்துவிட்டீர்கள். இத்தனை வருடம் நாங்கள்தான் வளவை ஆண்டோம் என்ற வாதத்தையும் நம்பாதீர்கள். கூட்டுரிமையாளர் ஒருவர் சும்மா இருந்து ஆண்டதால் மட்டும் மற்றவரின் பங்கு அழியாது.

உங்களைக் காப்பாற்றக்கூடிய ஒன்று உண்டு. செல்லாத திருமணமானாலும், ஒரு தரப்பாவது அது தெரியாமல் நல்லெண்ணத்தோடு மணந்திருந்தால், பிறந்த பிள்ளைகளை முறையான பிள்ளைகளாகவே கொள்வது ரோமன் டச்சுச் சட்டக் கோட்பாடு. அம்மம்மா 1948இல் தாலி ஏற்கும்போது அவருக்குத் தெரியுமா என்பதே அங்கே கேள்வி. நீங்களோ ‘அவருக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது’ என்று இருபது பேர் பார்க்க எழுதிவிட்டீர்கள். எதிர்ச் சட்டத்தரணி கையில் அந்த வசனம் கிடைத்தால் முதலில் அதைத்தான் வாசிப்பார். கடிதம் பெட்டியில் இருந்தது என்பதால் அவர் அதை எப்போது கண்டார் என்று தெரியாது. கணவர் செத்த பிறகு 1979இல் கண்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் பூட்டி வைத்திருக்கலாம். தெரியாததைத் தெரிந்ததாக இனி எழுதாதீர்கள். எழுதியதை அழிக்கவும் வேண்டாம், அழித்தால் மறைத்ததாக ஆகும். கடிதங்களை உறைகளோடு, தபால் முத்திரையோடு அப்படியே வையுங்கள். ஒன்றையும் எரிக்கக் கூடாது, முகநூலில் போடவும் கூடாது.

மூடிய வரியைத் தட்டுவதை விட்டு, திறந்திருக்கும் கதவால் போங்கள். இங்கிலாந்தில் பிறப்பு, திருமண, மரணச் சான்றிதழ்களை யாரும் பணம் கட்டி எடுக்கலாம், உறவைக் காட்டத் தேவையில்லை. 1912இலிருந்து திருமணச் சுட்டியில் துணையின் குடும்பப் பெயரும் இருக்கிறது. 1936 முதல் 1939 வரை பாருங்கள். திருமணம் இருந்தால் இரண்டு தேடல்: 1948க்கு முன் மணமுறிவு ஆணை உண்டா, அந்தப் பெண்ணின் மரணம் உண்டா. குண்டுவீச்சில் இறந்த 60,000க்கு மேற்பட்ட பொதுமக்களின் பெயர்கள் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையத்திடம் இருக்கின்றன, அதையும் விடாதீர்கள். இரண்டில் ஒன்று கிடைத்தால் அம்மாவின் பிறப்புக்கு ஒரு குறையும் இல்லை. பிறகு, தாயின் கன்னிப் பெயரைக் கொண்டு பிறப்புச் சுட்டியில் பெகியைத் தேடுங்கள், மார்கரெட் என்றிருக்கலாம். தகப்பன் பெயர் அந்தச் சான்றிதழில்தான் வரும். மணமாகாத தகப்பன் என்றால் அவரும் போய்க் கையொப்பமிட்டிருந்தால் மட்டும் வரும்.

பெகி உயிரோடு இருந்து, அம்மப்பாவின் பிள்ளை என்றும் தெரிந்தால், என் ஆலோசனை ஒன்றே: வழக்குக்குப் போகாதீர்கள், பங்கு கொடுத்து முடியுங்கள். 85 வயதைத் தாண்டியவரின் வாசலில் படத்தோடு போய் நிற்கவும் வேண்டாம். தன் தகப்பன் யார் என்பதே அவருக்குச் சொல்லப்படாமல் இருந்திருக்கலாம். ஒரு சொலிசிட்டர் மூலம் மென்மையான ஒரு கடிதம் போகட்டும். உடன்பாடு வந்தால் வாய்ப்பேச்சில் விடாமல் நொத்தாரிசு முன் உறுதியாக முடியுங்கள், காணி விடயத்தில் வேறெதுவும் நிற்காது.

மாமாவோடு இன்றே பேசுங்கள், வாட்ஸ்அப்பில் அல்ல, தொலைபேசியில். உங்களிடம் இருப்பதை அவருடைய சட்டத்தரணிக்குச் சொல்லச் சொல்லுங்கள், சத்தியக்கடதாசியின் திகதியைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். திருமணப் பிரதி தபாலில் வந்து சேரும்வரை அம்மா எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைக்கக் கூடாது.