அப்டேட்டுக்குப் பிறகு எழாத பழைய மடிக்கணினி: கேள்வி பதில்

மடிக்கணினி பழுதுபார்க்கும் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறேன். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததிலிருந்து, "அப்டேட் போட்டேன், அதன்பின் எழவே இல்லை" என்ற முறையீடுதான் அதிகமாக வருகிறது. வந்தவற்றுள் பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (திண்டுக்கல், பள்ளி ஆசிரியை): ஐயா, என் மடிக்கணினிக்கு ஒன்பது வயதாகிறது. நேற்றிரவு அப்டேட் செய்துகொண்டு தானாகவே அணைந்தது. காலையில் பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, ஆனால் திரையில் எதுவுமே வரவில்லை. அப்டேட்தான் கெடுத்துவிட்டதா?

பதில்: நிறுவனத்தின் சின்னமாவது ஒரு நொடி தோன்றி மறைகிறதா என்பதை முதலில் கவனியுங்கள். அந்தச் சின்னத்தைத் திரையில் காட்டுவது, மதர்போர்டு என்னும் தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் பயாஸ் என்ற தொடக்க நிரல். விண்டோஸ் அதற்குப் பிறகுதான் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எழுந்து வருகிறது. சின்னமே வரவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் விண்டோஸைத் தொடும் முன்பே, அதாவது ரேம் (தற்காலிக நினைவகம்), திரை, மின்சாரம், பயாஸ் ஆகியவற்றில் ஒன்றில் இருக்கிறது.

கேப்ஸ் லாக் விசையைத் தட்டிப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உள்ளே வேலை செய்கிறது, திரைதான் காட்டவில்லை என்று கொள்ளலாம். அப்போது எச்டிஎம்ஐ கம்பி வழியாக வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்துப் பார்ப்பதும், விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கையும் ஒருசேர அழுத்தித் திரை இயக்கியை மீட்டெழுப்புவதும் பயன் தரும். கேப்ஸ் லாக் விளக்கு அசையவே இல்லை என்றால் சார்ஜரைக் கழற்றி, பேட்டரி கழலும் வகையாக இருந்தால் அதையும் கழற்றி, பவர் பொத்தானை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் செருகி எழுப்பிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் அடிமூடியைத் திறந்து ரேமை எடுத்து, அதன் பொன்னிறக் கால்களைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மறுபடி பொருத்துவது எங்கள் கடைகளில் முதலில் செய்யும் வேலை. இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அப்டேட்தான் கெடுத்ததா என்று கேட்டீர்கள். விண்டோஸ் 8 காலத்திலிருந்து "ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்" என்றொரு வசதி இருக்கிறது. நாம் "ஷட் டவுன்" கொடுத்தாலும் கணினி தன் உட்கருவின் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு உறங்கும். மறுநாள் அதையே எடுத்துப் போட்டுக்கொண்டு எழும். இப்படியே மாதக்கணக்கில் ஓடும் கணினி முழுமையாக அணைந்து முழுமையாக எழுவது அப்டேட் கேட்கும் "ரீஸ்டார்ட்" நேரத்தில்தான். அதோடு, பழைய டிஸ்க்கில் சில கிகாபைட் அளவுக்கு எழுத்து வேலையும் சேர்ந்து நடக்கிறது. ஏற்கெனவே நலிந்திருந்த உறுப்பு அன்றைக்குக் கையை விரித்துவிடுகிறது; பழி அப்டேட்டின் மேல் விழுகிறது. என் மேசைக்கு வருபவற்றில் இப்படிப்பட்டவை கணிசம்.

கேள்வி (யாழ்ப்பாணம், பல்கலைக்கழக மாணவர்): ஐயா, சின்னம் வருகிறது, வட்டம் சுற்றுகிறது, "ஆட்டோமேட்டிக் ரிப்பேர்" என்று வந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டிய ஆய்வறிக்கை அதற்குள்தான் இருக்கிறது. "ரீசெட்" கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முதலில் அறிக்கையை வெளியே எடுத்துவிடுவோம், கணினியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பழுதுநீக்கும் நீலத்திரை தானாக வராவிட்டால், வட்டம் சுற்றும்போது பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணையுங்கள். அடுத்தடுத்து இரண்டு முறை இப்படித் தடைபட்டால் பொதுவாக மூன்றாம் முறை அந்தத் திரை வந்துவிடும். அதில் "டிரபிள்ஷூட்", பிறகு "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்", பிறகு "கமாண்ட் பிராம்ப்ட்" என்று செல்லுங்கள். கறுப்புப் பெட்டியில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டினால் சாதாரண நோட்பேட் திறக்கும். அதன் "ஃபைல்" பட்டியலில் "ஓப்பன்" கொடுத்து, கீழே "ஆல் ஃபைல்ஸ்" என்று மாற்றிக்கொண்டால், அந்தச் சிறு சாளரமே கோப்புகளை உலாவும் இடமாகிவிடும். அறிக்கையை வலச்சொடுக்கிட்டு நகலெடுத்து, செருகியிருக்கும் பென் டிரைவில் ஒட்டலாம். வழக்கமான சி டிரைவ் இங்கே டி என்றோ இ என்றோ பெயர் மாறித் தெரியலாம். கோப்புகள் காணோம் என்று பதற வேண்டாம். நகல் முடியும்வரை சாளரம் உறைந்ததுபோல் நிற்கும், முன்னேற்றக் கோடு எதுவும் காட்டாது, ஆகவே பொறுமை வேண்டும்.

நிறையக் கோப்புகள் இருந்தால் நண்பரின் கணினியில் ஒரு பென் டிரைவை, விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமாகிய லினக்ஸ் மின்ட் எழும் வகையில் தயாரித்து, அதிலிருந்து உங்கள் கணினியை எழுப்பலாம். எதிலிருந்து எழுவது என்று கேட்கும் பட்டியல் டெல், லெனோவோ கணினிகள் பலவற்றில் எஃப்12 விசையிலும், ஹெச்பியில் எஃப்9 விசையிலும் வரும். நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் காரணமாக விண்டோஸ் பகுதி "படிக்க மட்டும்" என்ற நிலையில் திறக்கலாம். நகலெடுக்க நமக்கு அதுவே போதும்.

அறிக்கை கைக்கு வந்த பிறகு அதே "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" பக்கத்தில் "அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்" என்பதைத் திறங்கள். அங்கே இரண்டு வகை இருக்கும். மாதந்தோறும் வரும் சிறு அப்டேட்டை நீக்குவது "குவாலிட்டி". விண்டோஸின் பதிப்பையே மாற்றிய பெரிய அப்டேட்டைத் திரும்பப் பெறுவது "ஃபீச்சர்". பின்னதற்கு இயல்பாக 10 நாள் அவகாசம்தான். அதன்பின் பழைய பதிப்பின் கோப்புகளை விண்டோஸே துடைத்துவிடும். இரண்டும் பலிக்காவிட்டால் "ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ்" வழியாகச் சென்று 4-ஐ அழுத்தி, இன்றியமையாதவற்றை மட்டும் ஏற்றிக்கொண்டு எழும் சேஃப் மோடில் எழுப்பிப் பாருங்கள். பாதியில் நின்ற அப்டேட் சேஃப் மோடில் ஒருமுறை எழுந்தாலே தன் மிச்ச வேலையை முடித்துக்கொண்டு சரியாவதும் உண்டு. "ரீசெட்" கடைசி வழி. அதிலும் "கீப் மை ஃபைல்ஸ்" என்பது உங்கள் கோப்புகளை மட்டுமே விட்டுவைக்கும், நிறுவிய மென்பொருள்கள் போய்விடும்.

கேள்வி (சேலம், அச்சகம் நடத்துபவர்): 30 விழுக்காட்டிலேயே மூன்று மணி நேரமாக நிற்கிறது. அணைத்துவிடலாமா?

பதில்: ஹார்ட் டிஸ்க் விளக்கு இடையிடையே மினுக்கினால் காத்திருங்கள். பழைய, சுழலும் டிஸ்க்கில் பெரிய அப்டேட் அரை நாள் இழுத்ததைப் பார்த்திருக்கிறேன். விளக்கு ஒரு மணி நேரமாக அசையாமலோ, அணையாமல் ஒரே சீராக எரிந்துகொண்டோ இருந்தால் அணைப்பதைத் தவிர வழியில்லை. பேட்டரி செத்துப்போய் சார்ஜரை நம்பி மட்டுமே ஓடும் மடிக்கணினியில், மின்வெட்டு வரும் வேளையில் அப்டேட் தொடங்காதீர்கள். அச்சகத்தில் யுபிஎஸ் இருக்குமே, அதில் செருகிக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஈரோடு): விண்டோஸ் அப்டேட் அல்ல, பயாஸ் அப்டேட். நடுவில் குழந்தை சார்ஜரைப் பிடுங்கிவிட்டாள். இப்போது கல்லாகிவிட்டது.

பதில்: இது உண்மையிலேயே அப்டேட் செய்த கேடு, ஆனாலும் மீள வழி உண்டு. ஹெச்பி கணினிகள் பலவற்றில் விண்டோஸ் விசையையும் பி (B) விசையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பவர் பொத்தானை அழுத்தினால், சேமித்து வைத்த பழைய பயாஸை அது தேடி எடுக்கும். 2015 இறுதிக்குப் பின் வந்த டெல் மாதிரிகள் பலவற்றில் கண்ட்ரோல், எஸ்கேப் இரண்டையும் பிடித்தபடி சார்ஜரைச் செருக வேண்டும். இரண்டும் கைகொடுக்காவிட்டால் மதர்போர்டிலுள்ள எட்டுக்கால் பயாஸ் சில்லில் புரோகிராமர் கருவி கொண்டு மறுபடி எழுதுவார்கள். மதர்போர்டையே மாற்றச் சொன்னால், இதைச் செய்து பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர், கணக்காளர்): நீலத்திரையில் "இன்அக்செசிபிள் பூட் டிவைஸ்" என்று வருகிறது. டிஸ்க்கை வேறு கணினியில் போட்டால் கோப்புகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. தேதியும் பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கிறது.

பதில்: பின்னால் போன தேதிதான் துப்பு. மதர்போர்டிலுள்ள காசு வடிவப் பேட்டரி, பெரும்பாலும் சிஆர் 2032 என்னும் 3 வோல்ட் வகை, தீர்ந்துவிட்டது. அது தீர்ந்தால் பயாஸ் தன் அமைப்புகளை மறந்து, ஆலையிலிருந்து வந்த நாளின் நிலைக்குத் திரும்பும். அப்போது சாட்டா என்ற தலைப்பின்கீழ் டிஸ்க்கோடு பேசும் முறை ஏஎச்சிஐ என்பதிலிருந்து ரெய்டு என்றோ, அதற்கு நேர்மாறாகவோ மாறிவிடும். விண்டோஸ் எந்த முறைக்குப் பழகியதோ அது இல்லாததால் தன் டிஸ்க்கையே அடையாளம் காணாமல் நிற்கிறது. பயாஸுக்குள் சென்று அந்த ஒரு வரியை மாற்றிப் பாருங்கள், பேட்டரியையும் புதிதாகப் போடுங்கள். இந்தக் கோளாறுக்கு விண்டோஸையே அழித்து மறுபடி நிறுவியவர்களை அறிவேன், வீண் வேலை.

கேள்வி (சிங்கப்பூர்): எழுந்தவுடன் பிட்லாக்கர் மீட்புக் குறியீடு கேட்கிறது. நான் அப்படி எதையும் போட்டதே இல்லை.

பதில்: பிட்லாக்கர் என்பது டிஸ்க்கிலுள்ளதைப் பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி. நீங்கள் போடாமலே அது இயங்கியிருக்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக நுழையும் கணினிகள் சிலவற்றில் குறியாக்கம் தானாகவே தொடங்கிவிடும். 2024 ஜூலை மாத விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு பலருக்கு இதே திரை வந்ததை மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்டது. கேட்கப்படுவது 48 இலக்க எண். கைப்பேசியில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, அதிலுள்ள சாதனங்களின் பட்டியலில் பிட்லாக்கர் பகுதியைப் பாருங்கள். அலுவலகக் கணினி என்றால் அங்குள்ள கணினிப் பிரிவினரிடம் இருக்கும். அந்த எண் இல்லாமல் டிஸ்க்கைத் திறந்து தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி (மதுரை): டிஸ்க் டக் டக் என்று ஒலிக்கிறது. ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்கிறார்களே?

பதில்: வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும். அந்த ஒலி கேட்டபின் மறுபடி மறுபடி எழுப்பிப் பார்ப்பதும் கூடாது. கோப்புகள் முக்கியமானவை என்றால், தரவு மீட்பை மட்டுமே தொழிலாகச் செய்பவர்களிடம் கொண்டுசெல்லுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்): தம்பி, என்னிடம் இருப்பது 2008-இல் வாங்கிய கோர் 2 டுயோ. பேரன் ஏதோ குறுக்குவழியில் விண்டோஸ் 11 போட்டுக் கொடுத்தான், ஓராண்டு நன்றாகவே ஓடியது. சென்ற வாரம் அவனே புதிய பதிப்புக்கு மாற்றினான். இப்போது சின்னத்தோடு நின்று நின்று மறுபடி எழுகிறது.

பதில்: ஐயா, இது பேரன் சரிசெய்யக்கூடிய கோளாறு இல்லை. 2024-இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, பாப்கவுன்ட் முதலிய சில கட்டளைகள் செயலியிலேயே இருந்தாக வேண்டும். உங்கள் செயலியில் அவை பிறவியிலேயே இல்லை. குறுக்குவழி எதுவும் அவற்றை உண்டாக்கித் தராது. 10 நாளுக்குள் என்றால் மேலே சொன்ன "ஃபீச்சர்" நீக்கத்தை முயலுங்கள். அது நடக்காவிட்டால் கோப்புகளை எடுத்துக்கொண்டு லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடச் சொல்லுங்கள். கூடவே சுழலும் டிஸ்க்குக்குப் பதிலாக சுழலும் பாகமே இல்லாத ஒரு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி பொருத்தினால், நாளிதழ் படிக்கவும் மின்னஞ்சல் பார்க்கவும் இந்தக் கணினி இன்னும் சில காலம் தாங்கும்.

கேள்வி (திருநெல்வேலி): இவ்வளவு தொல்லை எதற்கு? அப்டேட்டையே நிறுத்திவிட்டால் என்ன?

பதில்: உங்கள் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற செயலிக் குறைகளுக்காக வந்த விண்டோஸ் அப்டேட் சில பழைய ஏஎம்டி கணினிகளை எழவிடாமல் செய்தது. மைக்ரோசாஃப்ட் அவற்றுக்கு அதை வழங்குவதையே சில நாள் நிறுத்தி வைத்தது. ஆனால், வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் அப்டேட்டை அடியோடு நிறுத்துவதை நான் ஏற்கமாட்டேன். நான் செய்வது இதுதான்: அமைப்புகளில் "பாஸ்" (Pause) கொடுத்து ஒன்றிரண்டு வாரம் தள்ளிப்போடுகிறேன். அதற்குள் கோளாறுள்ள அப்டேட் என்றால் ஊரறியச் செய்தி வந்துவிடும்.

கேள்வி (புதுச்சேரி, பொறியியல் மாணவி): விண்டோஸும் உபுண்டு என்னும் லினக்ஸும் ஒன்றாக வைத்திருக்கிறேன். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு உபுண்டு மட்டும் எழவில்லை. "செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்" என்று காட்டி அணைகிறது.

பதில்: 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று, பாதுகாப்பில் ஓட்டையுள்ள பழைய லினக்ஸ் தொடக்க நிரல்களைத் தடைசெய்தது, இரண்டையும் வைத்திருந்த கணினிகள் பலவும் அதில் சிக்கின. பயாஸில், ஒப்புதல் பெற்ற தொடக்க நிரல்களை மட்டுமே எழவிடும் "செக்யூர் பூட்" என்பதைத் தற்காலிகமாக அணைத்து உபுண்டுவுக்குள் சென்று, அதன் எல்லா அப்டேட்டுகளையும் போட்டுவிட்டு, மறுபடி "செக்யூர் பூட்" வசதியை இயக்குங்கள். அதற்கு முன், விண்டோஸ் பகுதியில் பிட்லாக்கர் இருக்கிறதா என்று பார்த்து அந்த 48 இலக்க எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "செக்யூர் பூட்" நிலை மாறினால் அது கேட்கப்படும்.

கேள்வி (வேலூர்): கடையில் திறந்துகூடப் பார்க்காமல் "மதர்போர்டு போய்விட்டது" என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: திறக்காமல் சொன்னதை நம்ப வேண்டாம். வேறு ரேம் போட்டுப் பார்த்தீர்களா, டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எழுப்பினீர்களா, வேறு சார்ஜர் மாட்டினீர்களா என்ற மூன்றையும் கேளுங்கள். டிஸ்க்கைக் கழற்றியவுடன் சின்னம் வந்து "பூட் டிவைஸ் இல்லை" என்று எழுதிக்காட்டினால் மதர்போர்டு உயிரோடுதான் இருக்கிறது. கணினியை விட்டுவிட்டு வருவதானால், "என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது" என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்க்கைத் தனியே கழற்றித் தரச் சொல்லிக் கையோடு கொண்டுவந்துவிட்டால் இன்னும் நல்லது. மதர்போர்டைச் சோதிக்க அது தேவைப்படாது.