ஸ்டேஷனில் ‘எங்க எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்பினால்

பகுதிநேர வேலை என்று நம்பி நேற்றிரவு யூ.பி.ஐ.யில் 42,000 ரூபாய் அனுப்பி ஏமாந்ததாகவும், புகார் கொடுக்கப் போனால் போலீஸ் ஸ்டேஷனில் ‘எங்க எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்பியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எல்லையைக் காரணம் காட்டிப் புகாரை மறுக்க முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதியச் சொல்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதுதான்.

ஆனால் அதற்கு முன்னால் இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930க்கு போன் அடியுங்கள், இப்போதே. நீங்கள் அனுப்பிய பணம் ஒரே கணக்கில் உட்கார்ந்திருக்காது. வாடகைக்குப் பிடித்த நாலைந்து கணக்குகள் வழியே ஓடி, எங்கோ ஒரு ஏ.டி.எம்.மில் வெளியே வந்துவிடும். மிச்சம் இருப்பதை முடக்க அந்த அழைப்புதான் வழி. பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனில் தட்டிக்கழித்ததற்கு ஒரு காரணம் இருக்கலாம். ஐ.டி. சட்டக் (தகவல் தொழில்நுட்பச் சட்டம்) குற்றங்களை இன்ஸ்பெக்டரோ அவருக்கு மேலுள்ளவரோதான் விசாரிக்க வேண்டும் (பிரிவு 78). எஸ்.ஐ.க்கு ‘சைபர் கிரைமுக்குப் போங்க’ என்பது சுலபம். ஆனால் 78ஆம் பிரிவு விசாரணைக்கான விதி, புகாரைப் பதிவதற்கு அல்ல.

அப்புறம், கையில் என்ன காகிதம் தந்தார்கள் என்று பாருங்கள். சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றதற்கான சீட்டு, எஃப்.ஐ.ஆர். ஆகாது. பதிய மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.க்கு (காவல் கண்காணிப்பாளர்) தபாலில் அனுப்பலாம், 173(4) அதற்குத்தான். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்.

ஒன்று: எஃப்.ஐ.ஆர். போட்டாலே பணம் திரும்பிவிடாது. முடக்கிய தொகையை விடுவிக்கச் சில சமயம் நீதிமன்ற உத்தரவு கேட்கலாம்.